எம்.பி. ஆகிவிட்டீர்கள், அடுத்து என்ன? நாடாளுமன்றத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வாக்கு எண்ணும் மையத்துக்கு வெளியே பட்டாசு வெடித்துக்கொண்டிருக்கும். கழுத்து கொள்ளாத மாலைகள், ஓயாமல் அடிக்கும் கைப்பேசி. அந்த அமளிக்கு நடுவே தேர்தல் நடத்தும் அலுவலர் ஒரு தாளை உங்கள் கையில் கொடுப்பார். படிவம் 22, அதாவது வெற்றிச் சான்றிதழ். புகைப்படம் எடுத்து முடிந்ததும் அது யாரோ ஒருவரின் பைக்குள் போய்விடும். டெல்லிக்குக் கிளம்பும் அன்று வீடு முழுக்கத் தேடுவார்கள். அதனால் முதல் வேலை, அந்தத் தாளை வாங்கி நீங்களே பத்திரப்படுத்துங்கள். மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டவர் என்றால் அதே இடத்தில் அரசிதழ் அறிவிப்பின் சான்றளிக்கப்பட்ட நகல். பதவியேற்கும் முன் அவைச் செயலகம் கேட்கப்போவது இதைத்தான்.

2024இல் அமைந்த 18ஆவது மக்களவையின் 543 பேரில் 280 பேர் அந்த அவைக்குப் புதியவர்கள். மாநிலங்களவையிலோ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் ஓய்வு பெற, புதுமுகங்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இத்தனை பேர் புதிதாக வரும் இடம் என்பதால் பயிற்சி வகுப்பு உண்டு, கையேடும் உண்டு. ஆனால் முதல் மாதத்தில் அவற்றைப் படிக்க யாருக்கு நேரம்? புதியவர்களைத் தடுக்கிவிடுவது 10 நாள், 14 நாள், 30 நாள், 90 நாள் என்று ஓசையில்லாமல் ஓடும் கெடுக்கள். அவற்றையே வரிசையாகப் பார்த்துவிடலாம்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

நீங்கள் ஏற்கெனவே எம்.எல்.ஏ.வா? அப்படியானால் உடனே காலண்டரை எடுங்கள். ஒருவர் ஒரே நேரத்தில் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் உறுப்பினராக இருக்க முடியாது. தேர்வு அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து 14 நாளுக்குள் சட்டமன்றப் பதவியிலிருந்து விலகியாக வேண்டும். விலகாவிட்டால் பறிபோவது எம்.எல்.ஏ. பதவி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தவறு. காலியாவது புதிதாகக் கிடைத்த எம்.பி. பதவி. 2019இல் நாங்குநேரி எம்.எல்.ஏ.வாக இருந்த எச். வசந்தகுமார் கன்னியாகுமரி மக்களவைத் தொகுதியில் வென்றதும் சட்டமன்றப் பதவியை விட்டதும், நாங்குநேரிக்கு இடைத்தேர்தல் வந்ததும் இந்த விதியால்தான்.

இரண்டு மக்களவைத் தொகுதிகளில் வென்றவருக்கும் 14 நாள்தான் கெடு. ஒன்றை விட வேண்டும், இல்லாவிட்டால் இரண்டும் போகும். 2014இல் நரேந்திர மோடி வதோதராவை விட்டு வாராணசியை வைத்துக்கொண்டார். 2024இல் ராகுல் காந்தி வயநாட்டை விட்டு ரேபரேலியை வைத்துக்கொண்டார். இரு அவைகளுக்கும் ஒரே சமயத்தில் தேர்வாகி, எதிலும் இன்னும் அமராதவருக்கு 10 நாள். அதற்குள் எந்த அவை என்று எழுதிக் கொடுக்காவிட்டால் மாநிலங்களவை இடம் போய்விடும்.

அடுத்தது செலவுக் கணக்கு. வென்ற மகிழ்ச்சியில் மறந்துபோவதில் முதலிடம் இதற்குத்தான். முடிவு அறிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் மக்களவை வேட்பாளர் தன் தேர்தல் செலவுக் கணக்கை மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் தாக்கல் செய்ய வேண்டும். தமிழ்நாடு போன்ற பெரிய மாநிலங்களில் மக்களவைத் தொகுதிக்கான உச்சவரம்பு 95 லட்சம் ரூபாய். கணக்கைத் தராதவரைத் தேர்தல் ஆணையம் மூன்று ஆண்டு தகுதி நீக்கம் செய்ய முடியும். தோற்றவர் உங்கள் வெற்றியை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 45 நாள் அவகாசம் இருப்பதையும் நினைவில் வையுங்கள். தேர்தல் காலக் காகிதங்களை அதுவரை ஒன்றுகூடத் தூக்கிப்போட வேண்டாம்.

இன்னொரு காகிதப் பெட்டியையும் இப்போதே கிளறிப் பார்க்க வேண்டும். வாரியத் தலைவர், கழகத் தலைவர் என்று அரசு சார்ந்த பதவி ஏதாவது உங்கள் பெயரில் இருக்கிறதா? ஆதாயம் தரும் பதவி என்று முடிவானால் எம்.பி. பதவி போகும். உத்தரப் பிரதேசத் திரைப்பட வளர்ச்சிக் குழுவின் தலைவராக இருந்ததற்காக 2006இல் ஜெயா பச்சன் மாநிலங்களவை இடத்தை இழந்தார். சம்பளம் வாங்கவில்லையே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. பணம் கைக்கு வந்ததா என்று பார்ப்பதில்லை, பெற முடியுமா என்றுதான் பார்ப்பார்கள். 1959ஆம் ஆண்டுச் சட்டம் சில பதவிகளுக்கு விலக்கு தருகிறது. உங்கள் பதவி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு வழக்கறிஞரை வைத்துப் பார்த்துவிடுங்கள்.

டெல்லியில் முதல் சில நாட்கள்

பொதுத் தேர்தல் முடிந்ததும் மக்களவைச் செயலகம் புதிய உறுப்பினர்களுக்காகப் பதிவு முகப்புகளைத் திறந்து வைக்கும். சான்றிதழைக் காட்டி, புகைப்படமும் கைரேகையும் கொடுத்து, அடையாள அட்டை வாங்க வேண்டும். வாழ்க்கைக் குறிப்பு, வங்கி விவரம், குடும்ப உறுப்பினர் விவரம், மருத்துவ வசதி, ரயில் பயண அட்டை என்று எல்லாவற்றுக்கும் தகவல் கேட்பார்கள். வாழ்க்கைக் குறிப்பை மட்டும் உதவியாளரிடம் விட்டுவிடாதீர்கள். அதில் எழுதுவதுதான் உங்கள் பெயரில் ஆண்டுக்கணக்கில் இணையதளத்தில் நிற்கும். பெயரின் எழுத்துக்கூட்டல் தவறாகப் பதிவாகிவிட்டால் பயணச்சீட்டு வரை அது துரத்திக்கொண்டு வரும்.

வீடு உடனே கிடைக்காது. பழைய உறுப்பினர்கள் காலி செய்து, பழுது பார்த்து, அவைக் குழு ஒதுக்கீடு முடிய மாதங்கள் ஆகும். அதுவரை வெஸ்டர்ன் கோர்ட் விடுதியிலோ மாநில அரசின் விருந்தினர் இல்லத்திலோ தங்கல். அப்புறம் நார்த் அவென்யூ, சவுத் அவென்யூ போன்ற இடங்களில் அடுக்குமாடி வீடு கிடைக்கலாம். வீட்டுக்காக முதல் மாதத்தையே செலவழிப்பவர்களைப் பற்றி நிறையக் கதைகள் உண்டு. விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வேலையைப் பார்ப்பது உத்தமம்.

பணம்: 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கிட்டு மாதச் சம்பளம் 1,24,000 ரூபாய், தினப்படி 2,500 ரூபாய். அவை நடக்கும் நாளில் வருகையைப் பதிவு செய்தால்தான் தினப்படி. தொகுதிப் படி, அலுவலகப் படி தனி. ஆண்டுக்கு 34 ஒருவழி விமானப் பயணங்கள் இலவசம்.

ஆள் எடுப்பதில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். தேர்தலில் ஓடியாடி உழைத்த தம்பிக்கு டெல்லியில் ஒரு வேலை கொடுக்கத் தோன்றும். தொகுதி அலுவலகத்துக்கு அவர் பொருத்தம். டெல்லி அலுவலகத்தில் விதிப்புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த, ஆங்கிலத்தில் நோட்டீஸ் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஓய்வு பெற்ற எம்.பி.க்களிடம் வேலை பார்த்த தனிச் செயலாளர்கள் அந்த நேரத்தில் வேலை தேடிக்கொண்டிருப்பார்கள். விசாரித்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. உறுப்பினர்களுக்கான இணையப் பக்கத்தின் கடவுச்சொல்லை யாரிடம் கொடுக்கிறீர்கள் என்பதில் கவனம். 2023 டிசம்பரில் ஒரு மக்களவை உறுப்பினர் அவையிலிருந்து நீக்கப்பட்ட விவகாரத்தில், அந்தக் கடவுச்சொல்லை வெளியாளுடன் பகிர்ந்தது மையமான குற்றச்சாட்டாக இருந்தது.

உறுதிமொழி

தேர்வான நாளிலேயே நீங்கள் உறுப்பினர்தான். ஆனால் உறுதிமொழி ஏற்காமல் இருக்கையில் அமரவோ வாக்களிக்கவோ முடியாது. மீறி அமர்ந்தால் அரசமைப்பின் 104ஆவது பிரிவுப்படி நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம். 1950இல் எழுதிய தொகை, இன்றும் அப்படியே இருக்கிறது.

புதிய மக்களவை என்றால், சபாநாயகர் இன்னும் தேர்வாகாததால், குடியரசுத் தலைவர் ஒரு மூத்த உறுப்பினரைத் தற்காலிக சபாநாயகராக நியமிப்பார். 2024இல் அந்தப் பொறுப்பு பர்த்ருஹரி மகதாபுக்குப் போனது. ஜூன் 24, 25 இரு நாளும் பதவியேற்பு, 26 அன்று சபாநாயகர் தேர்தல், 27 அன்று இரு அவைகளையும் கூட்டிக் குடியரசுத் தலைவர் உரை. பிரதமர், அமைச்சர்கள் முடிந்த பிறகு மாநிலங்களின் ஆங்கில அகரவரிசைப்படி அழைப்பார்கள் என்பதால் தமிழ்நாட்டின் முறை வர இரண்டாம் நாள் ஆகிவிட்டது. உங்கள் பெயர் வரும் நேரத்தைக் குத்துமதிப்பாகக் கணக்குப் போட்டுவிட்டு, குடும்பத்தாருக்குப் பார்வையாளர் அனுமதிச் சீட்டுக்குச் சொல்லி வையுங்கள்.

மொழி உங்கள் விருப்பம். ஆங்கிலத்திலோ அரசமைப்பின் எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் ஒன்றிலோ ஏற்கலாம். எந்த மொழி என்பதைச் செயலகத்திடம் முன்பே சொல்லிவிட்டால் அந்த மொழியில் அச்சிட்ட தாள் தயாராக இருக்கும். கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டுக்கும் ஒரே மதிப்புதான். படித்து முடித்ததும் உறுப்பினர் பதிவேட்டில் கையெழுத்து.

அந்தத் தாளில் இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று ஒரு தொடர் வரும். அது 1950இல் இல்லை. திராவிட நாடு கோரிக்கை ஒலித்துக்கொண்டிருந்த காலத்தில், 1963இல் 16ஆவது திருத்தம் அதைச் சேர்த்தது. அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த அண்ணா அந்தத் திருத்தத்தை எதிர்த்துப் பேசினார். தமிழில் அந்த வரியைப் படிக்கும்போது அந்த வரலாறு தெரிந்திருப்பது நல்லது.

தாளில் உள்ளதை மட்டும் படியுங்கள். 2024 பதவியேற்பில் பலர் உறுதிமொழியோடு முழக்கங்களையும் சேர்த்துச் சொன்னார்கள். அதன்பின் முன்னும் பின்னும் எதையும் சேர்க்கக் கூடாது என்று சபாநாயகர் வழிமுறைகளைத் திருத்திவிட்டார். இடைத்தேர்தலில் வந்தவர்களும், பொதுப் பதவியேற்பைத் தவறவிட்டவர்களும் பிறகு அவையிலோ சபாநாயகரின் அறையிலோ ஏற்றுக்கொள்ளலாம்.

நியமன உறுப்பினர்களுக்கு மட்டும்

இலக்கியம், அறிவியல், கலை, சமூக சேவை ஆகியவற்றில் தனி அறிவோ அனுபவமோ உள்ள 12 பேரைக் குடியரசுத் தலைவர் மாநிலங்களவைக்கு நியமிக்கிறார். மக்களவையில் ஆங்கிலோ இந்தியர்களுக்கு இருந்த இரண்டு நியமன இடங்கள் 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டன. நியமன உறுப்பினர் பேசலாம், கேள்வி கேட்கலாம், மசோதாவில் வாக்களிக்கலாம், குடியரசுத் துணைத் தலைவர் தேர்தலிலும் வாக்களிக்கலாம். குடியரசுத் தலைவர் தேர்தலில் மட்டும் வாக்கு இல்லை.

பதவியேற்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் விரும்பினால் ஒரு கட்சியில் சேரலாம். அந்த ஆறு மாதம் தாண்டிச் சேர்ந்தால் பதவி போகும். அழைப்புகள் வரத்தான் செய்யும், அவசரப்பட வேண்டாம். சுயேச்சையாக வென்றவருக்கோ இந்தச் சலுகைகூட இல்லை. எந்தக் கட்சியில் எப்போது சேர்ந்தாலும் தகுதி நீக்கம்தான்.

நியமன இடம் வெறும் அலங்காரம் என்று சொல்பவர்களிடம் ருக்மிணி தேவி அருண்டேலைப் பற்றிச் சொல்லுங்கள். 1952இல் நியமிக்கப்பட்ட அவர், விலங்குகள் மீதான கொடுமையைத் தடுக்கத் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளிக்க, அதை விலக்கிக்கொண்டார். 1960இல் சட்டம் வந்தது. பரதநாட்டியக் கலைஞர் ஒருவரால் நடந்த வேலை இது.

கொறடா உத்தரவு

பதவியேற்கும் முன் நீங்கள் நிரப்பித் தரும் படிவம் 3இல் எந்தக் கட்சி என்று எழுதிக் கையெழுத்திடுகிறீர்கள். பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், உங்களைப் பிடித்துக்கொள்வது அங்கேதான். கட்சிக் கொறடா, அதாவது அவையில் கட்சி உறுப்பினர்களை ஒருங்கிணைப்பவர், தரும் உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் ஒதுங்கினாலோ தகுதி நீக்கம் வரலாம். 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் தப்பலாம். உத்தரவில் அடிக்கோடுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்: மூன்று கோடு என்றால் அவையில் இருந்தே ஆக வேண்டும், சொன்னபடி வாக்களித்தே ஆக வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் முன்பே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அவையில் பேசியதற்காகவோ வாக்களித்ததற்காகவோ எந்த நீதிமன்றமும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது. ஆனால் அந்தப் பேச்சுக்கும் வாக்குக்கும் லஞ்சம் வாங்கினால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2024 மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது.

அவைக்குள் நடந்துகொள்ளும் முறை

நுழையும்போதும் வெளியேறும்போதும் தலைமை இருக்கையை நோக்கித் தலை வணங்குங்கள். பேசிக்கொண்டிருப்பவருக்கும் தலைமை இருக்கைக்கும் குறுக்கே நடக்காதீர்கள். உங்கள் இடத்திலிருந்து மட்டுமே பேச வேண்டும், எதிர்க்கட்சிக்காரரைப் பார்த்து அல்ல, தலைவரை நோக்கி. ஒருவர் மீது குற்றச்சாட்டு சொல்லப் போகிறீர்கள் என்றால் முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும். இல்லாவிட்டால் அவைக்குறிப்பிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

தலைமை இருக்கைக்கு முன்னால் உள்ள மையப் பகுதிக்குள் இறங்கி முழங்குவது கட்சி எடுக்கும் முடிவாக இருக்கலாம். விலையைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 2023 குளிர்காலக் கூட்டத்தொடரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். இடைநீக்கக் காலத்தில் உங்கள் கேள்விகளும் போகும், குழுக் கூட்டங்களும் போகும்.

தமிழில் பேசத் தாராளமாக உரிமை உண்டு. முன்பே தெரிவித்துவிட்டால் உடனடி மொழிபெயர்ப்பு கிடைக்கும். மேடைத் தமிழின் வேகத்துக்கு மொழிபெயர்ப்பாளர் ஈடுகொடுக்க மாட்டார் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். எண்களையும் ஊர்ப் பெயர்களையும் ஒரு தாளில் எழுதி முன்னாலேயே அனுப்பி வைத்தால் உங்கள் பேச்சு அடுத்தவர் காதில் உருப்படியாக விழும். முதல் உரையின்போது யாரும் குறுக்கிடாமல் விடுவது மரபு. அந்தச் சலுகை ஒரே ஒருமுறைதான். அதைக் கட்சித் தலைவரைப் புகழ்ந்தே தீர்த்துவிடுவது பெரிய வீண்.

கேள்வி கேட்கும் கலை

பின்வரிசை உறுப்பினருக்குக் கட்சி ஒதுக்கும் பேச்சு நேரம் சொற்பம். கேள்விக்கோ யாருடைய தயவும் வேண்டாம். என்னைக் கேட்டால், முதல் ஆண்டில் உங்கள் உழைப்பில் பாதி இங்கேதான் போக வேண்டும்.

மக்களவையில் காலை 11 முதல் 12 வரை, மாநிலங்களவையில் பகல் 12 முதல் 1 வரை கேள்வி நேரம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள், 230 குறியில்லாதவை. மாநிலங்களவையில் 15, 160. குறியிட்டதற்கு அமைச்சர் வாயால் பதில் சொல்வார், நீங்கள் துணைக்கேள்வி கேட்கலாம். குறியில்லாததற்கு எழுத்தில் பதில். குறைந்தது 15 முழு நாட்களுக்கு முன் நோட்டீஸ் தர வேண்டும், குலுக்கலில் உங்கள் பெயர் வர வேண்டும். 20 கேள்விகளில் வாய்மொழிப் பதில் வரை எட்டுவது ஐந்தாறுதான். அதனால் குறியில்லாத கேள்வியை இரண்டாம்தரம் என்று ஒதுக்காதீர்கள். தகவல் அங்கேதான் கிடைக்கும்.

எப்படி எழுதுவது? ரயில் திட்டங்கள் தாமதமாவது அரசுக்குத் தெரியுமா என்று கேட்டால், நிலம் கையகப்படுத்தல், வனத்துறை அனுமதி எனப் பல காரணங்கள் உண்டு என்று ஒரு பொதுப் பதில் வந்து சேரும். அதையே, இன்ன பாதைக்கு எந்த ஆண்டு ஒப்புதல் தரப்பட்டது, முதல் மதிப்பீடு எவ்வளவு, இன்றைய மதிப்பீடு எவ்வளவு, கடந்த மூன்று ஆண்டில் ஆண்டுவாரியாக ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். தப்பிக்க இடமில்லை. மக்களவையில் கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயம், மாநில அரசின் பொறுப்பில் உள்ள விஷயம், கருத்துக் கேட்பது எல்லாம் தள்ளுபடியாகும். உள்ளூர்ச் சாலை, குடிநீர்க் குழாய் என்று ஊராட்சி வேலைகளைக் கேட்டுப் புதியவர்கள் நோட்டீஸை வீணாக்குவது இதனால்தான். அந்தச் சாலைக்கு மத்தியத் திட்டப் பணம் வந்திருந்தால், அந்தத் திட்டத்தின் பெயரில் கேளுங்கள்.

பதிலில் அமைச்சர் பரிசீலிப்போம், தகவல் திரட்டித் தருவோம் என்று சொல்லிவிட்டால் அது வாக்குறுதியாகப் பதிவாகும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். அதைக் கண்காணிக்கத் தனிக் குழு இருக்கிறது. அந்தப் பதிலைக் கத்தரித்து வைத்துக்கொண்டு பின்தொடர்வது உங்கள் அலுவலகத்தின் வேலை.

பூஜ்ய நேரத்தில் அவசர விஷயம் எழுப்பலாம். மக்களவையின் 377ஆவது விதியின் கீழ் 250 சொல்லுக்குள் தொகுதிப் பிரச்சினையைப் பதிவு செய்தால் அமைச்சகத்திடமிருந்து எழுத்தில் பதில் வரும். மாநிலங்களவையில் இதற்கு இணையானது சிறப்புக் குறிப்பு. வெள்ளிக்கிழமைப் பிற்பகல் தனிநபர் மசோதாக்களுக்கு. 1970க்குப் பிறகு அப்படி ஒரு மசோதாகூடச் சட்டமாகவில்லை. ஆனாலும் திருநங்கையர், திருநம்பியர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவை நிறைவேற்றியது. அப்படி ஒரு விஷயத்தைப் பேசுபொருளாக்க இதைவிட நல்ல வழி குறைவு.

குழு

அமைச்சகங்களின் மசோதாக்களையும் செலவுகளையும் ஆராயும் துறை சார்ந்த நிலைக்குழுக்கள் 24. ஒவ்வொன்றிலும் 31 பேர்: மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. கட்சித் தலைமை பெயர் கொடுக்கும் முன்பே எந்தக் குழு வேண்டும் என்று கேட்டு வைத்துவிடுங்கள். எல்லோரும் உள்துறை, நிதி என்று முண்டியடிப்பார்கள். தொகுதியில் மீனவர்கள் அதிகமா, நெசவாளர்கள் அதிகமா என்று பார்த்துக் கேட்பவர் சிலரே. கேமரா இல்லாத அறை என்பதால் ஆளும்கட்சிக்காரரும் அங்கே அதிகாரிகளைத் துருவிக் கேட்பார். கொறடா உத்தரவும் அங்கே கிடையாது.

தொகுதி மேம்பாட்டு நிதி

ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். இந்தப் பணம் உங்கள் கணக்குக்கு வராது. வேலையை நீங்கள் பரிந்துரைப்பீர்கள், ஒப்புதல் தந்து செய்து முடிப்பது மாவட்ட நிர்வாகம். மக்களவை உறுப்பினர் தன் தொகுதியிலும், தேர்வான மாநிலங்களவை உறுப்பினர் தன் மாநிலத்திலும், நியமன உறுப்பினர் நாட்டின் எந்த மாவட்டத்திலும் பரிந்துரைக்கலாம். 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கும் 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிகளுக்கும் போக வேண்டும். மாவட்ட ஆட்சியரை முதல் மாதத்திலேயே சந்தித்து, முந்தைய எம்.பி. பரிந்துரைத்து முடியாமல் கிடக்கும் வேலைகளின் பட்டியலை வாங்குங்கள்.

90ஆவது நாளுக்குள்

உறுதிமொழி ஏற்ற 90 நாளுக்குள், தேர்வான ஒவ்வொரு உறுப்பினரும் தனது, துணைவரது, தன்னைச் சார்ந்த பிள்ளைகளது சொத்துக் கடன் விவரத்தைத் தன் அவைத் தலைவரிடம் தர வேண்டும். வேட்புமனுவில் கொடுத்தோமே என்று விட்டுவிடக் கூடாது, இது தனி. மாநிலங்களவையில், நியமன உறுப்பினர்கள் உட்பட எல்லோரும் வருமானம் தரும் இயக்குநர் பதவி, ஆலோசகர் பணி, நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் அளவிலான பங்குகள் போன்ற பொருளாதார நலன்களையும் அதே 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும்.

நீண்ட நாள் வர முடியாத நிலை வந்தால் விடுப்புக்கு எழுதுங்கள். அனுமதியில்லாமல் 60 நாள் எல்லா அமர்வுகளுக்கும் வராமல் இருந்தால் இடம் காலி என்று அவை அறிவிக்கலாம்.

முதல் கூட்டத்தொடர் முடிந்து ஊர் திரும்பியதும் வரவேற்பு விழாக்கள் வரிசையாக நிற்கும். அவற்றுக்கு நடுவே வாரம் ஒரு மாலையை ஒதுக்கி, மனுக்களில் திரும்பத் திரும்ப வரும் மத்திய அரசு விஷயங்களைப் பிரித்துக் கேள்விகளாக எழுதி வையுங்கள். அடுத்த கூட்டத்தொடருக்கான அழைப்பாணை வரும்போது 15 நாள் கணக்கு ஓடத் தொடங்கியிருக்கும்.